நேரலை பார்க்காத வீட்டுக்கும் தொலைக்காட்சி உரிமக் கடிதம்: இங்கிலாந்தில் இருக்கும் மகளுக்கு என்ன சொல்வது?

காந்திநகர்த் தந்தை (காட்பாடி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் செவிலியர் பட்டம் பெற்ற என் மகள், ஓராண்டுக்கும் மேலாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணிபுரிகிறாள். சிறிய அடுக்குமாடி வீடு ஒன்றில் தனியாகக் குடியிருக்கிறாள். அவள் குடிபோன இரண்டாம் மாதத்திலிருந்து, அந்த முகவரிக்குத் தொலைக்காட்சி உரிமம், அதாவது அங்கே எல்லாரும் சொல்கிற டிவி லைசென்ஸ், எடுக்கப்படவில்லை என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. எந்தக் கடிதத்திலும் அவள் பெயர் இல்லை. ‘சட்டப்படி குடியிருப்பவர்’ என்று மட்டுமே விலாசம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரண்டும் நினைவூட்டல் போல இருந்தன. பிறகு வந்தவற்றில் விசாரணை, அபராதம், நீதிமன்றம் என்ற சொற்கள் வந்துவிட்டன. கடைசியாக வந்தது, அதிகாரி ஒருவர் வீட்டுக்கு நேரில் வரக்கூடும் என்று சொல்கிறது. அதன் படத்தை அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாளிலிருந்து என் மனைவிக்குச் சரியான உறக்கம் இல்லை.

அந்த வீட்டில் உரிமையாளர் விட்டுச்சென்ற தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியபடி இருக்கிறது. அதற்கு ஆன்டெனா இணைப்பும் இல்லை, செட்டாப் பாக்ஸும் இல்லை. மகள் நெட்ஃபிளிக்ஸில் படம் பார்ப்பதும், யூடியூபில் சமையல் காட்சிகள் பார்ப்பதும் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும்தான். பெட்டி சுவரில் இருப்பதாலேயே அவள் கட்டணம் செலுத்தக் கடமைப்பட்டவளா? கட்டணம் தேவையில்லை என்றால் அதை யாரிடம், எப்படிச் சொல்வது? இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிற பெண்ணின் கதவை ஓர் அதிகாரி தட்டினால், அவரை உள்ளே விடத்தான் வேண்டுமா? இங்கே கேபிள் கட்டணம் கட்டவில்லை என்றால் இணைப்பைத் துண்டிப்பார்கள், அத்தோடு முடிந்தது. அங்கே நீதிமன்றம் என்கிறார்களே என்பதுதான் எங்கள் அச்சம். அந்த நாட்டு நடைமுறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கௌண்டன்யக்கரை (குடியாத்தம்) எழுதுகிறார்:

காட்பாடி நண்பருக்கு வணக்கம். நான் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கவலையைப் படித்தபோது, பிரிக்கப்படாத வட ஆற்காடு மாவட்டத்தில் வானொலிப் பெட்டிக்கு உரிமம் எடுத்த காலம் நினைவுக்கு வந்தது. அன்று அஞ்சலகத்தில் பணம் கட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்த அந்த உரிமம், பெட்டியை வைத்திருப்பதற்கே உரியதாக இருந்தது. பின்னர் தொலைக்காட்சிக்கும் அதே முறை வந்தது. 1980-களின் நடுவில் மைய அரசு இரண்டையும் நீக்கிவிட்டதால் இளைய தலைமுறைக்கு இது தெரியாது. தெரிந்த நம் வயதினருக்கோ, ‘பெட்டி இருந்தால் உரிமம்’ என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிட்டது. உங்கள் அச்சத்தின் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் 1922-இல் வானொலிக்குப் பத்து ஷில்லிங் என்று தொடங்கிய உரிமம் இது. தொலைக்காட்சிக்கான உரிமம் 1946-இல் இரண்டு பவுண்டுக்கு வந்தது. வானொலிக்கான உரிமத்தை 1971-இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் மகள் வானொலி கேட்பதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. சுவரில் பெட்டி தொங்குவது மட்டுமே குற்றம் ஆகாது என்பதையும் அறிவேன். எப்போது குற்றம் ஆகிறது என்பதை அங்கே வாழ்பவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

பாலாற்று மகள் (சொந்த ஊர் இராணிப்பேட்டை, இப்போது லெஸ்டர்) எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். லெஸ்டரில் மக்கள் ஆலோசனை மையம் ஒன்றில் சில ஆண்டுகள் தன்னார்வலராக உதவியிருக்கிறேன். உரிமக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களை அங்கே அடிக்கடி பார்த்திருக்கிறேன். அவர்களுள் நம் தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கான சட்டம் 2003-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம்; அதன் 363-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பெறுவதற்காக ஒரு கருவியை நிறுவுவதையோ பயன்படுத்துவதையோ குற்றமாக்குகிறது. அதாவது கேள்வி பெட்டியைப் பற்றியதன்று, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றியது. உரிமம் தேவைப்படும் செயல்கள் இரண்டே. ஒன்று, எந்த அலைவரிசையின் நிகழ்ச்சியையும் அது ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் பார்ப்பது அல்லது பதிவு செய்வது. மற்றொன்று, பிபிசியின் இணையவழிக் காட்சிச் சேவையான ஐபிளேயரில் எதையும் பார்ப்பது. 2016 செப்டம்பர் 1 முதல், ஒளிபரப்பு முடிந்தபின் நமக்கு வசதியான நேரத்தில் ஐபிளேயரில் பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். இந்த இரண்டையும் செய்யாதவருக்கு உரிமம் தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸில் ஏற்கெனவே இருக்கும் படங்கள், யூடியூபில் பதிவேற்றப்பட்ட காட்சிகள், டிவிடி, விளையாட்டு ஆகியவற்றுக்கு அந்தச் சுவர்ப் பெட்டியையே பயன்படுத்தினாலும் குற்றமில்லை.

இப்போது நம்மவர்கள் தவறும் இடத்துக்கு வருகிறேன். ‘நாங்கள் பிபிசி பார்ப்பதே இல்லை, தமிழ்ச் சேனல் மட்டும்தான் பார்க்கிறோம், அதுவும் கைப்பேசியில்’ என்று பலர் முழு நம்பிக்கையோடு சொல்வார்கள். கட்டணம் பிபிசிக்குப் போகிறது என்பதால், பிபிசி பார்க்காதவருக்கு அது பொருந்தாது என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். விதி அப்படி இல்லை. ‘எந்த அலைவரிசையும்’ என்பதில் சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் அலைவரிசையும் அடங்கும். ‘எந்தக் கருவியும்’ என்பதில் கைப்பேசியும் அடங்கும். சன் டிவியை ஒரு செயலியின் வழியே நேரலையில் பார்த்தாலும், தமிழ்ச் செய்தி அலைவரிசை யூடியூபில் விடும் நேரலையை இட்லி அவியும் நேரத்தில் ஓடவிட்டாலும், ஐபிஎல் ஆட்டத்தை அது நடக்கும்போதே பார்த்தாலும் உரிமம் தேவைப்படுகிறது. அதே தொடரின் அதே பகுதியை, ஒளிபரப்பு முடிந்தபின் செயலியில் திறந்து பார்த்தால் தேவைப்படுவதில்லை. ஆகையால், ‘நேரலை பார்ப்பதில்லை’ என்று உங்கள் மகள் யாரிடமும் சொல்வதற்கு முன், ஒரு வாரம் தாம் எதையெல்லாம் பார்க்கிறோம் என்று உண்மையாகக் கவனித்துப் பார்க்கட்டும்.

அதன்பிறகும் தேவையில்லை என்று உறுதியானால், உரிமம் வழங்கும் அமைப்பின் இணையதளத்தில் ‘உரிமம் தேவையில்லை’ என்று அறிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. சில நிமிட வேலைதான். அதற்குப் பின் வழக்கமாக இரண்டு ஆண்டுகள்வரை நினைவூட்டல் கடிதங்கள் நின்றுவிடும். சரிபார்க்க ஒருவர் வரக்கூடும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படிவத்தைக் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் முகவரியைத் தட்டச்சு செய்தே அடைய வேண்டும்; மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடக்கூடாது. உரிமம் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி வங்கி விவரம் கேட்கும் போலி மின்னஞ்சல்கள் இந்நாட்டில் ஏராளம்.

கமண்டலநதி (ஆரணி, இப்போது பர்மிங்காம்) எழுதுகிறார்:

இராணிப்பேட்டை அக்கா சொன்னதில் சட்டம் அனைத்தும் சரி. ஆனால் அறிவிப்பைப் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. உரிமம் தேவைப்படாத ஒருவர் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வண்டி இல்லாதவர் ‘என்னிடம் வண்டி இல்லை’ என்று போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக்கொடுப்பதில்லையே. நான் ஆறு ஆண்டுகளாக எதையும் அறிவிக்கவில்லை. கடிதங்கள் வருகின்றன, படித்துவிட்டுக் கோப்பில் வைக்கிறேன்.

ஒரு முறை ஒருவர் நேரிலும் வந்தார். மாலை ஆறரை மணி இருக்கும். அடையாள அட்டையைக் காட்டி, இங்கே யார் குடியிருக்கிறீர்கள், தொலைக்காட்சி பார்க்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். ‘எனக்கு உரிமம் தேவையில்லை, இதற்குமேல் பேச விரும்பவில்லை, வணக்கம்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன், அவர் போய்விட்டார். வருபவர் காவலர் அல்லர் என்பதை ஐயாவின் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உரிம வசூல் பிபிசியின் பொறுப்பு. களப்பணியைச் செய்வது அதனிடம் ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு இல்லை. போகச் சொன்னால் போக வேண்டியவர்களே. அந்த ஆணையைக்கூட, குற்றம் நடப்பதாக நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று ஒரு நீதிமன்ற நடுவர் நிறைவடைந்தால்தான் பெற முடியும். ஆணையோடு வந்தால் மட்டும் தடுக்கக்கூடாது. தடுப்பது தனிக் குற்றம்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று நாம் சொல்லும் பதில்களை அவர்கள் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரியவர் ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். ‘எப்போதாவது செய்தி பார்ப்பேன்’ என்று அப்பாவியாகச் சொல்லிக் கையெழுத்திட்டால், வழக்கில் அதுவே சான்றாகிவிடும். உங்கள் மகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை, படித்துப் புரியாத எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

பாலாற்று மகள் எழுதுகிறார்:

தம்பி சொல்வது சட்டப்படி உண்மைதான், அறிவிப்பது கட்டாயமில்லை. இருந்தாலும் நான் அறிவிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தம்பியால் கடிதத்தைப் படித்துக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறது. இரவுப் பணி முடித்து வந்து, அந்நிய ஊரில், தனியாக ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும் பெண்ணுக்கு அந்த நிம்மதி எளிதன்று. காட்பாடியில் அவருடைய அம்மாவுக்கும் உறக்கமில்லை. ஒரு படிவத்தால் இரண்டு ஆண்டுக் கடிதங்கள் நிற்கும் என்றால் அதை நிரப்புவதில் குறைவு ஒன்றும் இல்லை.

பெண்களைப் பற்றி நான் குறிப்பாகச் சொல்லக் காரணம், 2019-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 74 விழுக்காட்டினர் பெண்கள் என்பதுதான். பெண்கள் ஆண்களைவிட அதிகமாக உரிமமின்றித் தொலைக்காட்சி பார்ப்பதால் வந்த எண்ணிக்கை என்று இதை நான் கொள்ளவில்லை. பகலில் வீட்டில் இருப்பவரும், கதவைத் திறப்பவரும், கேட்டதற்குப் பதில் சொல்பவரும் பெரும்பாலும் பெண் என்பதே நான் கண்ட காரணம். உங்கள் மகளும் பகலில் வீட்டில் இருப்பவர். பணி முடித்து உறங்கும்போது கதவு தட்டப்பட்டால் எழுந்து திறக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கோப்பில் வைத்துவிடக்கூடாது. ‘சட்டப்படி குடியிருப்பவர்’ என்று வருபவை உரிம அமைப்பின் கடிதங்கள். அவருடைய பெயரிட்டு, ‘ஒற்றை நடுவர் நடைமுறை அறிவிப்பு’ என்ற தலைப்போடு வருவது குற்ற வழக்கின் அறிவிப்பு. அதற்கு 21 நாளுக்குள், குற்றத்தை ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று பதில் அனுப்ப வேண்டும். மறுத்தால் வழக்கு திறந்த நீதிமன்றத்துக்குப் போகும். பதிலே அனுப்பாவிட்டால் நடுவர் ஒருவர் காகிதங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்துவிடுவார். அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். வழக்குச் செலவு தனி. வீடு மாறியவர்களின் பழைய முகவரிக்கு இந்த அறிவிப்பு போய், தண்டனை கிடைத்ததே பிறகுதான் தெரிய வந்த நிகழ்வுகளை நான் அறிவேன். அப்படி நேர்ந்தால், தெரிய வந்த 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் உறுதிமொழி அளித்து வழக்கை மறுபடி தொடங்கச் செய்யலாம். விசா விண்ணப்பங்களில் குற்றத் தண்டனை உண்டா என்று கேட்கப்படுகிறது. அதனால் பணிக்கு வந்தவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

காந்திநகர்த் தந்தை எழுதுகிறார்:

உங்கள் மூவரின் பதில்களையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். இராணிப்பேட்டை அம்மா சொன்ன இடத்திலேயே நாங்களும் தவறியிருக்கிறோம். மழைக்காலத்தில் பாலாற்றில் வெள்ளம் என்றால், அவள் காலையில் தமிழ்ச் செய்தி நேரலையை யூடியூபில் ஓடவிட்டுக்கொண்டே சமைப்பாளாம். அது தொலைக்காட்சி பார்ப்பதில் சேரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்ட அன்றே நிறுத்திவிட்டாள். செய்தியை இனி எழுத்து வடிவில் படித்துக்கொள்கிறேன் என்கிறாள்.

இதில் இன்னும் ஒரு சிக்கல். வரும் அக்டோபரில் என் மனைவி ஆறு மாதம் மகளோடு தங்கப் போகிறாள். திருவண்ணாமலை நம் மாவட்டத்தோடு இருந்த காலத்திலிருந்தே கார்த்திகை தீபத்தை மலையடிவாரத்தில் நின்றோ தொலைக்காட்சியிலோ பார்க்காமல் அவள் ஓராண்டும் இருந்ததில்லை. அங்கே அதை யூடியூபில் பார்க்கலாமா? மேலும் நவம்பரில் என் தங்கை மகனுக்கு ஆம்பூரில் திருமணம். புகைப்படக்காரர் அதை யூடியூபில் நேரலையாகக் காட்டப் போகிறார். அதற்கும் உரிமம் வேண்டுமா?

பாலாற்று மகள் எழுதுகிறார்:

திருமணத்துக்குத் தேவையில்லை ஐயா. குடும்பத்தார் பார்ப்பதற்காகப் புகைப்படக்காரர் தாமே இணையத்தில் காட்டுவது தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆகாது. நேரலை என்ற சொல் வந்தாலே உரிமம் என்பதில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியா என்பதே கேள்வி. தீபம் அப்படியன்று. மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றுவதை அலைவரிசைகள் நேரலையாக ஒளிபரப்புகின்றன. இங்கிலாந்தில் அப்போது பகல் பன்னிரண்டரை. அந்த ஒளிபரப்பை அதே நொடியில், யூடியூப் வழியாகப் பார்த்தாலும், உரிமம் வேண்டும். ஒளிபரப்பு முடிந்து பதிவாக ஏற்றப்பட்டபின் பார்த்தால் வேண்டியதில்லை.

அம்மா ஏற்றும்போதே பார்த்து விளக்கேற்ற விரும்பினால், உரிமம் எடுப்பதும் ஒரு வழி. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டது. உரிமம் வீட்டுக்கு உரியது. ஆகவே விருந்தினராக வரும் அம்மா பார்ப்பதும் அதில் அடங்கும். அவர் ஊர் திரும்பியபின், எஞ்சிய காலத்துக்கு மறுபடி தேவைப்படாது என்றால் ரத்து செய்யலாம். முழு மாதங்கள் மீதம் இருந்தால் அவற்றுக்கான தொகையைத் திருப்பிக் கேட்கலாம்.

காந்திநகர்த் தந்தை எழுதுகிறார்:

மகளிடம் பேசி முடிவெடுத்துவிட்டோம். அம்மா தீபத்தைப் பதிவில் பார்க்க வேண்டாம், ஏற்றும்போதே பார்க்கட்டும் என்று அவளே சொன்னாள். அக்டோபரில் உரிமம் எடுத்து, ஏப்ரலில் என் மனைவி ஊர் திரும்பியதும் ரத்து செய்வதாக இருக்கிறாள். உரிமம் எடுக்கும்வரை பகலில் கதவு தட்டப்பட்டால் பெயரும் விவரமும் சொல்லாமல், உரிமம் தேவையில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புமாறு ஆரணித் தம்பியின் சொற்களையே அவளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். நேற்றிரவு பணிக்குக் கிளம்பும் முன், கடிதத்தில் இருந்த முகவரியைத் தட்டச்சு செய்து அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டாள். ஏற்றுக்கொண்டதாக வந்த பதிலின் படத்தை இன்று காலை அவள் அனுப்பியதும், முதலில் என் மனைவியிடம்தான் காட்டினேன்.